கதிரைக்கு ஒரு மருந்துச் சீட்டு

ஓய்வு பெற்றவர் என்றதும் நரைத்த தலையை எதிர்பார்ப்பவர்கள் என்னைப் பார்த்தால் ஏமாந்துபோவார்கள். எனக்கு இன்னும் நாற்பது ஆகவில்லை. தோட்டத்து மருந்தகத்தை நடத்துவது வீண்செலவு என்று கம்பெனி கண்டுபிடித்தபோது எனக்கு ‘விருப்ப ஓய்வு’ கிடைத்தது. விருப்பம் கம்பெனியுடையது, ஓய்வு என்னுடையது. இப்போது ருவான்வெல்லை பஜாரில் ஒரு மருந்துக்கடையில் இருமலுக்கும் வயிற்றுவலிக்கும் மருந்து எடுத்துக் கொடுத்தபடி ஓய்வாக இருக்கிறேன்.

எங்கள் பழைய மருந்தகத்தை இப்போது அரசாங்கம் பார்க்கிறது. அங்கே புதிதாக வேலைக்கு வந்திருக்கும் இளைஞர் ஒருவர் அவ்வப்போது கடைக்கு வந்து என்னிடம் சந்தேகம் கேட்பார். போன வாரம் வந்தவர், “அண்ணே, நடுக்க வியாதிக்காரங்களுக்குப் படுக்க வச்சு ஒரு தடவ, நிக்க வச்சு ஒரு தடவ பிரஷர் பாக்கணும்னு மேல இருந்து சொல்லியிருக்காங்க. ஒரு ஆளுக்கு எதுக்குண்ணே ரெண்டு பிரஷர்? மெசின்ல நம்பிக்க இல்லையா?” என்று கேட்டார்.

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த இரண்டாவது பிரஷர் எங்கள் தோட்டத்தில் ஒரு தொழிற்சங்கத் தலைவருக்கு விலைபோனவர் என்ற பட்டத்தையும், துரைக்கு ஒரு தலைவலியையும் வாங்கிக் கொடுத்தது. கடையில் நின்றுகொண்டு சொல்லி முடிகிற விஷயம் இல்லை அது. எழுதித் தருகிறேன் தம்பி என்றேன்.

என் அப்பா, அம்மா இரண்டு பேரும் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர்கள். எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் பரீட்சை எழுதியவன் நான். பெறுபேறு வந்த அன்று தொழிலாளர் குடியிருப்பான எங்கள் லயமே திரண்டு வந்து அந்தக் காகிதத்தைப் பார்த்தது. அந்த நேரத்தில் வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவனே அங்கே இருந்ததால், எத்தனை பாடத்தில் சித்தி என்பதை நானே அறிவிக்க வேண்டியிருந்தது. கூட்டிச் சொல்லியிருக்கலாம், தோன்றவில்லை. அப்படிப்பட்ட பிள்ளை. கம்பெனிகள் தோட்டங்களைப் பொறுப்பெடுத்த தொண்ணூறுகளின் தொடக்கத்தில் மருந்தகத்தில் பயிற்சிக்குச் சேர்ந்தேன். காயம் கட்டவும், ஊசி போடவும், சிங்களத்தில் அறிக்கை எழுதவும், துரை வந்தால் எழுந்து நிற்கவும் கற்றுக்கொண்டேன். முதல் மூன்றும் கொஞ்சம் நாளெடுத்தன. நான்காவது எனக்குப் பிறவியிலேயே தெரிந்திருந்தது.

என் மேலதிகாரி குணதாச ஐயா. வயதானவர். எங்கள் பக்கத்துச் சிங்களவர்களைப் போலவே தமிழை நன்றாகப் பேசுவார். என்னை ‘மல்லி’ என்றுதான் கூப்பிடுவார், சிங்களத்தில் தம்பி. வேலையில் சேர்ந்த முதல் நாள் அவர் என்னிடம் சொன்னது இது: “மல்லி, நோயாளிட மூஞ்சியப் பாத்தா எரக்கம் வரும். எரக்கம் வந்தா லீவு குடுப்போம். லீவு குடுத்தா தொர நம்மளக் கூப்பிடுவார். அதனால கையப் பாரு.”

அது வெறும் பேச்சில்லை. மருந்தகத்தின் கட்டடமே அந்தக் கொள்கையின்படி கட்டப்பட்டிருந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் வைத்த ஜன்னல் ஒன்று உண்டு. நோயாளிகள் வெளியே தகரக் கூரையின் கீழ் வரிசையாக நிற்பார்கள். முறை வந்ததும் சட்டைக் கையை மடித்துவிட்டு, ஜன்னல் வழியாக ஒரு கையை மட்டும் உள்ளே நீட்டுவார்கள். குணதாச ஐயா அந்தக் கையைப் பலகையில் வைத்து, பட்டியைச் சுற்றி, ரப்பர்க் குமிழை ஒரே சீராக அழுத்துவார். பாதரசம் ஏறும். பிறகு கண்ணை மூடிக்கொண்டு குழாயில் கேட்பார். கேட்டு முடியும்வரை வரிசையில் யாரும் இருமக்கூடாது. பாதரசம் இறங்கி முடிந்ததும் கண்ணைத் திறந்து இரண்டு இலக்கங்களைச் சொல்வார், நான் பதிவேன், கை வெளியே போகும், அடுத்த கை வரும். எண்ணெய் ஊறின கை, பால் காய்ந்து கறுத்த கை, வளையல் போட்ட கை. பல பேரை நான் கையை வைத்தே அடையாளம் சொல்வேன். முகம் பிறகுதான்.

உட்கார மருந்தகத்தில் இரண்டு கதிரைகள் இருந்தன. ஒன்று குணதாச ஐயாவுக்கு. மற்றது துரை எப்போதாவது வந்தால் அவருக்கு. உள்ளே ஒரு கட்டிலும் இருந்தது. அதில் மருந்துப் பெட்டிகள் படுத்திருந்தன.

இதை நான் அப்போது ஒரு குறையாக நினைக்கவில்லை. காலையில் பேர் பதியும் பெரட்டுக் களத்தில் நிற்போம். ஆபீசில் நிற்போம். சம்பளத்துக்கு நிற்போம். நோய்க்கும் நின்றோம்.

இனி தலைவர். மேற்கணக்கில், அதாவது தோட்டத்தின் மேல்பிரிவில், சங்கத் தலைவராக இருந்தவர் வேலாயுதம். நன்றாகப் பேசக்கூடிய மனிதர். குடிக்க மாட்டார். அறுபதை நெருங்கும்போது அவருக்கு வலது கை நடுங்கத் தொடங்கியது. தோட்டம் உடனே அதற்கு ஒரு விளக்கம் கண்டது: ரகசியமாகக் குடிக்கிறார். பிறகு முகம் இறுகி, சிரிப்பு நின்றுபோனது: தலைக்கனம். நடை சுருங்கி மெதுவானது: பெரிய மனுசன் நடை. குரல் தணிந்து, பக்கத்தில் போனால்தான் கேட்கும் என்றானது: துரையிடம் ரகசியம் பேசிப் பேசி அப்படி ஆகிவிட்டது. ஒரு நோயின் எல்லா அறிகுறிகளையும் ஒரு முழுத் தோட்டமும் சரியாகக் கவனித்தது. ஒவ்வொன்றுக்கும் அரசியல் காரணம் கண்டதுதான் பிசகு.

பெரிய ஆஸ்பத்திரியில் காட்டி, பார்க்கின்சன் என்று பெயர் தெரிந்து, நடுக்கத்துக்கு மாத்திரை கொடுத்தார்கள். அடுத்த வருடம் காய்ச்சலுக்காக வார்டில் சேர்த்திருந்தபோது பிரஷரும் அதிகமாக இருக்கிறது என்று அதற்கும் மாத்திரை எழுதினார்கள். அந்த மாத்திரையை மாதாமாதம் கொடுப்பதும், பிரஷரைப் பார்ப்பதும் எங்கள் வேலை. தலைவரின் கை ஜன்னல் வழியாக நடுங்கிக்கொண்டே உள்ளே வரும். குணதாச ஐயா பார்ப்பார். ஒவ்வொரு முறையும் இலக்கம் அழகாகக் குறைந்திருக்கும்.

“பாருங்க எல்லாரும்!” என்று ஜன்னலுக்கு வெளியே குரல் கொடுப்பார். “இந்தத் தோட்டத்துல பிரஷர ஒழுங்கா வச்சிருக்கிறவர் தலைவர் ஒருத்தர்தான். ஒங்களுக்கெல்லாம் கருவாடு இல்லாம எறங்காது.”

அதில் என் பங்கும் இருந்தது. உப்பைக் குறையுங்கள் என்று லயம் லயமாகப் போய்ப் பேசுவேன். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொள்வார்கள். போன பிறகு கருவாடு சுடுவார்கள். சொன்னபடி செய்தவர் தலைவரின் மனைவி காத்தாயி அம்மா ஒருவர்தான்.

அந்த வருடம் கம்பெனி ஒரு புதுத் திட்டம் கொண்டுவந்தது. குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் பிள்ளைக் காம்பரா மேற்கணக்கில் ஒன்று, கீழ்க்கணக்கில் ஒன்று என்று இரண்டு எதற்கு? மேலே இருப்பதை மூடிவிட்டு, குழந்தைகளைக் கீழே கொண்டுவந்து விடட்டும். காகிதத்தில் அது ஒரு கோடு. நடையில் என்றால், பால் வெட்டப் போகும் தாய் இருட்டிலேயே கைக்குழந்தையைச் சுமந்துகொண்டு மலையிறங்கி, விட்டுவிட்டுத் திரும்ப மலையேறி, பெரட்டுக்குப் பிந்தி, அரைப் பேர் வாங்கவேண்டும். அரைநாள் சம்பளத்தை அப்படித்தான் சொல்வோம். தலைவர் ஆபீசுக்குப் போய் இதைப் பேசி நிறுத்துவார் என்று எல்லோரும் காத்திருந்தார்கள். போனார். துரையின் மேசைக்கு முன்னால் நின்றார். துரை திட்டத்தை விளக்கினார். தலைவர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “சரிங்க தொர,” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார்.

மேற்கணக்கு கொதித்துப் போனது. “தலைவரு வாங்கிட்டாரு” என்பது ஒரு கட்சி. “மூள கொழம்பிருச்சு” என்பது இன்னொரு கட்சி. தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் காத்தாயி அம்மாவிடமே கேட்டார்கள்.

“காசு வாங்கியிருந்தா நான் எதுக்குடி இந்த ஓட்ட வாளியில தண்ணி புடிக்கிறேன்?” என்று அவர் வாளியைத் தூக்கிக் காட்டினார்.

“அப்பன்னா பைத்தியந்தான்னு சொல்றீங்களா?”

“அதுக்கு நீ வாங்கிட்டாருன்னே சொல்லிட்டுப் போ.”

கேள்விப்பட்ட தலைவர் நேர்மாறாகச் சொன்னாராம். பைத்தியம் என்று சொல்லிக்கொள்ளட்டும், விலைபோனவன் என்று மட்டும் சொல்லக்கூடாது என்று. முப்பது வருடம் ஒரே வீட்டில் இருந்தவர்கள் அதில் ஒத்துப்போகவில்லை. பிள்ளைக் காம்பராவுக்கு மாதக் கடைசியில் பூட்டு என்று அறிவித்தல் ஒட்டியாயிற்று.

அந்த வாரம்தான் தலைவர் மருந்தகத்துக்கு வந்தார். குணதாச ஐயா உள்ளே தேநீர் குடித்துக்கொண்டிருந்தார், ஜன்னலில் நான். வரிசை நீளம். தலைவரோடு யாரும் பேசவில்லை. முறை வந்ததும் கையை நீட்டினார். நான் பட்டியைச் சுற்றிக் குமிழை அழுத்தத் தொடங்கினேன். திடீரென்று கை கனத்தது. பட்டி சுற்றிய கை என்னிடம் இருந்தது, ஜன்னலில் ஆளைக் காணவில்லை. எட்டிப் பார்த்தால், கீழே மடங்கிக் கிடக்கிறார். வரிசை ஓரடி விலகி நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

“நடிக்கிறாரு,” என்றது ஒரு குரல்.

இரண்டு பேரைத் துணைக்குப் பிடித்து அவரை உள்ளே தூக்கி வந்தோம். பெட்டிகளைக் கீழே தள்ளிவிட்டுக் கட்டிலில் படுக்க வைத்தேன். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்தார்.

“டிஸ்பென்சர் தம்பி, எங்க இருக்கேன்?”

“மருந்தகத்துலதான் தலைவரே. மயங்கிட்டீங்க.”

“வெளிய என்ன சத்தம்?”

என்ன சொல்வதென்று தெரியாமல் உண்மையைச் சொன்னேன். “பிள்ளைக் காம்பராவ மூட நீங்க சரின்னு சொல்லிட்டீங்கன்னு கோவமா இருக்காங்க.”

“நானா? எந்தக் கிறுக்கன் சரின்னு சொல்வான்? ராசாத்திக்கு ரெட்டப் புள்ள. ரெண்டையும் தூக்கிக்கிட்டு அந்தப் படியில எறங்குவாளா? மழைக்கு அந்த வழி எப்பிடி இருக்கும்னு தொரைக்குத் தெரியுமா? புள்ளக்காரிக்குப் பால் குடுக்க நேரம் குடுக்கணும்னு சட்டம் இருக்கு தம்பி. கீழ வச்சா எந்த நேரத்துல வந்து குடுப்பா?”

படுத்தபடியே ஒவ்வொரு தாயின் பேரையும் குழந்தையின் பேரையும் சொல்லி அடுக்கிக்கொண்டு போனார். குரல் சிறியது, பேச்சு முழுசு. பைத்தியத்தின் பேச்சல்ல. நான் திகைத்துப்போய், வேறு என்ன செய்வதென்று தெரியாததால் பிரஷரைப் பார்த்தேன். பாதரசம் நூற்றெண்பதுக்குப் பக்கத்தில் நின்றது.

“ஐயா, கூட இருக்குங்க.”

குணதாச ஐயா தேநீர்க் கோப்பையோடு வந்தார். “அவருக்குக் கூட இருக்காது. ஒன்ட காது பழுது.” கோப்பையை வைத்துவிட்டு, தானே பட்டியைச் சுற்றி, கண்ணை மூடிக் கேட்டார். கண்ணைத் திறந்தவர் குழாயைக் கழற்றித் துடைத்தார். மறுபடி கேட்டார். அவருடைய காதும் பழுதாகியிருந்தது.

“எழுப்பி நிக்க வை,” என்றார்.

நிற்க வைத்து, நான் தோளைப் பிடித்துக்கொள்ள, அவர் பார்த்தார். தலைவர் அப்போதும் பேசிக்கொண்டுதான் இருந்தார். “அப்புறம் தம்பி, புள்ளைகளப் பாத்துக்கிற ஆயாம்மாவோட வேலை என்னாகும்னு...” என்று தொடங்கியவர் நடுவில் நின்றுவிட்டார். கண் எங்கோ போய்விட்டது. பாதரசம் எண்பதுக்குக் கீழே வந்துகொண்டிருந்தது.

“தலைவரே, ஆயாம்மாவுக்கு என்ன?” என்று கேட்டேன்.

“சரிங்க தொர,” என்றார்.

மறுபடி படுக்க வைத்தோம். ஒரு கோப்பைத் தேநீர் ஆறும் நேரத்துக்குள் ஆயாம்மாவின் வேலை பற்றிய மீதிப் பேச்சு வந்தது. குணதாச ஐயா நெடுநேரம் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “சரி மல்லி. பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போ,” என்றார்.

ஆஸ்பத்திரி கிளினிக்கில் ஒரு இளம் முஸ்லிம் டாக்டரம்மா இருந்தார். எங்கள் மாவட்டத்துக்காரர், தமிழில் விளக்கினார்.

“நாம எழும்பி நின்னா ரத்தம் காலுக்கு எறங்கப் பாக்கும். நரம்புதான் ரத்தக் குழாய இறுக்கி மேல தள்ளுது. இந்த நோய் அந்த நரம்பையும் கெடுத்திருக்கு. நின்னா மூளைக்கு ரத்தம் காணாது. படுத்தா மறுபக்கம், பிரஷர் ஏறிப்போகுது. ஏறினா மூளையில இருக்கிற சின்னக் குழாயெல்லாம் மெல்ல மெல்லக் கெட்டுப்போகும். எறங்கினா மூள பட்டினி. ரெண்டுமே யோசனைக்கும் ஞாபகத்துக்கும் கூடாது.”

“எதுக்கு மருந்து குடுப்பீங்க டாக்டர்?”

“ஒண்ணுக்குக் குடுத்தா மத்தது மோசமாகும். பிரஷர் மாத்திரையக் கொறைக்கிறேன். தல வைக்கிற பக்கம் கட்டில் கால உயர்த்துங்க. எழும்ப முந்தித் தண்ணி குடிக்கணும். உப்ப இவ்வளவு கொறைக்கத் தேவையில்ல. நான் சொல்றது இவருக்கு மட்டும், ஊருக்கெல்லாம் சொல்லிராதீங்க. நின்னுக்கிட்டு முக்கியமான விஷயம் எதையும் பேச வேணாம். என்ன வேல இவருக்கு?”

“தொழிற்சங்கத் தலைவர்.”

“ஒக்காந்துதானே பேசுவாரு?”

“துரைக்கு முன்னால எப்படி உட்காருறது டாக்டர்?”

“ஏன், ஆபீசில கதிர இல்லையா?”

“இருக்கு. துரைக்கு.”

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் வேடிக்கையாகச் சொல்லவில்லை என்பது புரிந்ததும் பேனாவை எடுத்து எழுதிக் கொடுத்தார்: நோயாளி பேச்சுவார்த்தையின்போது அமர்ந்திருக்க வேண்டும்.

காத்தாயி அம்மாவிடம் உப்பு விஷயத்தைச் சொன்னேன். “ரெண்டு வருசமா இந்த மனுசன் சப்புன்னு தின்னு என்னய வையிறாரு. ஒங்க பேச்சக் கேட்ட ஒரே ஆளு நாந்தான் தம்பி,” என்றார். அன்று அவர்கள் வீட்டில் கருவாடு சுட்ட வாசம் லயம் முழுவதும் போயிற்று. டிஸ்பென்சர் உப்புப் போடச் சொல்லிவிட்டார் என்ற செய்தி வாசத்தை முந்திக்கொண்டு போனது. என் இரண்டு வருடப் பிரசாரம் ஒரே இரவில் முடிந்தது.

ஆஸ்பத்திரிச் சீட்டை அப்படியே ஆபீசுக்குக் கொடுக்க முடியாது. மருந்தகத்துச் சீட்டாக எழுதி குணதாச ஐயா கையெழுத்துப் போடவேண்டும். எழுதி நீட்டினேன். ‘கதிரை ஒன்று. பேச்சுவார்த்தை முடியும்வரை.’ வாசித்தார். “மல்லி, எத்தன வருசமா நான் இங்க மருந்து எழுதுறேன். கதிர எழுதினதில்ல,” என்றார். ஆனால் கையெழுத்துப் போட்டார். போட்டு, தொப்பியை மாட்டிக்கொண்டு என்னோடு ஆபீசுக்கே வந்தார்.

துரை இளம் சிங்களவர். கெட்ட மனிதர் இல்லை. சீட்டை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

“குணதாச, கதிர மருந்தா?”

“இவருக்கு மருந்து, சேர்.”

“கதிர குடுக்க எனக்குப் பிரச்சின இல்ல. இன்னைக்கி இவர் ஒக்காந்தா நாளைக்கி மத்த சங்கம் கேக்கும். அதுக்கடுத்த நாள் கங்காணி கேக்கும். கம்பெனில இருந்து போன் வரும், ‘ஒங்க தோட்டத்துல வழக்கம் மாறிப்போச்சாமே’ன்னு. அப்ப நான் என்ன சொல்றது?”

குணதாச ஐயா யோசித்தார். அவருடைய மூளை எப்படி வேலை செய்யும் என்பதை நான் அன்றுதான் முழுவதாகப் பார்த்தேன்.

“சேர், தொழிலாளிக்குக் கதிர குடுத்தா வழக்கம் மாறும். நோயாளியத் தூக்கிட்டு வந்தா வழக்கம் மாறாது, இல்லையா? மருந்தகத்துல தூக்குக் கதிர இருக்கு. அதுல நோயாளி வருவார். ஆபீஸ் கதிர ஆபீசுலயே இருக்கும்.”

துரையின் முகம் தெளிந்தது. தூக்குக் கதிரை என்பது பிரம்புக் கதிரை ஒன்றுக்கு இரண்டு பக்கமும் மூங்கில் கட்டி, நடக்க முடியாத நோயாளிகளை மலையிலிருந்து நான்கு பேர் தோளில் இறக்கிவரும் சாதனம். அதில் துரைக்கு ஆட்சேபம் இல்லை. மாதக் கடைசிக்கு முந்திய நாள் வரச்சொன்னார்.

தலைவருக்குத்தான் ஆட்சேபம். “என்னயத் தூக்கிட்டுப் போறதா? நான் என்ன பொணமா?”

“பொணம்னா நாலு பேரு சும்மாவே வருவாங்க,” என்றார் காத்தாயி அம்மா. “ஒங்களத் தூக்கத்தான் ஆளத் தேடணும்.”

தேடினோம். கிடைக்கவில்லை. விலைபோனவரைத் தோளில் சுமக்க மேற்கணக்கு ஆண்கள் யாரும் வரவில்லை. ஒருவருக்குத் தோள் வலி, ஒருவருக்கு இடுப்பு, ஒருவர் அன்றைக்கு ஊரில் இல்லை என்பதை அவரே வந்து சொல்லிவிட்டுப் போனார். காலையில் கதிரையோடு லயத்து வாசலில் நின்றுகொண்டிருந்தபோது ராசாத்தி வந்தாள். பின்னால் மூன்று பெண்கள்.

“வாங்கினாரோ, பைத்தியமோ, அதெல்லாம் எங்களுக்குத் தெரியாது,” என்றாள். “எந்த வாயால சரின்னாரோ அதே வாயால இல்லன்னு சொல்லட்டும். தூக்குறோம். எந்திரிங்க தலைவரே. இல்ல இல்ல, எந்திரிக்காதீங்க, அப்பிடியே இருங்க!”

நான்கு பேரும் பிள்ளைகளைப் பிள்ளைக் காம்பராவில் விட்டுவிட்டுத்தான் வந்திருந்தார்கள். அது மூடியிருந்தால் அன்று தலைவரைத் தூக்க ஆளிருந்திருக்காது.

ஒரு கதிரை கொடுக்கக் கூடாது என்று பார்த்துப் பார்த்துச் செய்த ஏற்பாட்டின் முடிவு என்னவென்றால், தலைவர் சாமி புறப்பாட்டைப் போல நான்கு பேர் தோளில் ஆபீசுக்குள் வந்தார். வழியில் எல்லா லயங்களிலிருந்தும் ஆட்கள் வெளியே வந்து பார்த்தார்கள். கதவு நிலையில் தலை இடிக்காமல் இருக்க அவர் குனிந்தார். துரை கதிரையில் உட்கார்ந்தபடி அண்ணாந்து பார்க்க வேண்டியதாயிற்று. பெண்கள் மூங்கிலை இறக்கிவிட்டுப் பக்கத்திலேயே நின்றுகொண்டார்கள். தூக்கி வந்தவர்களை வெளியே போகச் சொல்ல வழக்கத்தில் இடமில்லை. அவர்களுக்கென்று ஒரு வழக்கம் அதுவரை இருந்ததில்லை.

“போன தடவ நீங்கதானே சரின்னு சொன்னது?” என்றார் துரை.

பெண்கள் நான்கு பேரும் தலைவரின் வாயையே பார்த்தார்கள். அவர் கை தொடையில் நடுங்கிக்கொண்டிருந்தது. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை; அந்த நோயில் ஒன்றும் தெரியாது.

“அது நான் சொல்லல தொர,” என்றார் மெல்ல. “நின்னுக்கிட்டிருந்த காலு சொன்னது. இப்ப ஒக்காந்திருக்கிறவன் சொல்றேன், கேளுங்க.”

துரை முன்னால் சாய்ந்து கேட்டார். சாயாவிட்டால் அந்தக் குரல் கேட்காது. மருந்தகத்துக் கட்டிலில் நான் கேட்டதையெல்லாம் தலைவர் வரிசையாகச் சொன்னார். படியைச் சொன்னார். மழையைச் சொன்னார். அரைப் பேரைச் சொன்னார். பால் கொடுக்கும் நேரத்தைச் சொன்னார். ஒரு பேர் தவறவில்லை. ராசாத்தி இடையில் புகுந்து, “எரட்டப் புள்ள தொர, ரெண்டு!” என்று இரண்டு விரலைக் காட்டினாள். தலைவர் திரும்பி, “நான் பேசுறேன்ல,” என்றார். அந்த அதட்டலைக் கேட்டதும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பழைய தலைவர்தான்.

துரை கடைசியில், மேலே உள்ளதை மூட வேண்டாம் என்று கம்பெனிக்குத் தானே எழுதுவதாகச் சொன்னார். எழுதினார். பூட்டு வரவில்லை.

தலைவரின் பெயர் உடனே சுத்தமாகிவிட்டது என்று நினைத்தால் எங்கள் தோட்டத்தை உங்களுக்குத் தெரியாது. முதலில் வாங்கிக்கொண்டு சரி என்றார், பிறகு பயந்து நோய் என்று நடித்து மாற்றிவிட்டார் என்று ஒரு கட்சி புதிதாகப் பிறந்தது. அடுத்த மாதம் மற்றச் சங்கத்துத் தலைவர் ஜன்னலில் வந்து நின்று, தனக்கும் மூன்று நாளாகக் கழுத்து வலி, ஒரு கதிரைச் சீட்டு எழுதித் தரமுடியுமா என்று கேட்டார். குணதாச ஐயா அவருக்குத் தைலம் கொடுத்தார். கேட்டவர்கள் கூடிக்கொண்டே போக, துரை ஆபீசில் உட்கார ஒரு நீள வாங்கைப் போட்டார். நோயாளிகளுக்கு மட்டும். அன்றிலிருந்து பேச்சுவார்த்தைக்கு வருகிற எல்லோருமே நோயாளிகள். வழக்கம் மாறவில்லை என்றுதான் கம்பெனிக்குச் சொன்னார்கள்.

மருந்தகத்திலும் ஒன்று நடந்தது. குணதாச ஐயா ஒருநாள் கட்டிலில் திரும்பவும் குடியேறியிருந்த பெட்டிகளைத் தானே இறக்கிவைத்தார். நடுக்கமுள்ளவர்கள், வயதானவர்கள் வந்தால் உள்ளே கூப்பிட்டுப் படுக்க வைத்து ஒருமுறை, நிற்க வைத்து ஒருமுறை பார்க்கத் தொடங்கினார். ஏன் என்று என்னிடம் விளக்கவில்லை. இரண்டாவது முறை பார்க்கும்போது மட்டும் கண்ணை மூடமாட்டார். ஆளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பார்.

கதை இங்கே முடிந்தால் நன்றாக இருக்கும். நோய்க்கு அது தெரியாது. தண்ணீர், உப்பு, உயர்த்திய கட்டில் எல்லாம் தலைவருக்குச் சில வருடங்களைக் கொடுத்தன. நல்ல வருடங்கள், தலைமையை ராசாத்தியிடம் ஒப்படைத்துவிட்டு அவளைக் குறை சொல்லிக்கொண்டிருக்கும் அளவுக்கு நல்ல வருடங்கள். பிறகு உட்கார்ந்திருந்தாலும் பேச்சு நடுவில் நிற்கத் தொடங்கியது. சின்னச் சின்னக் குழாய்கள் கெடும் என்று டாக்டரம்மா முதல் நாளே சொல்லியிருந்தார். ஒரு மழைக்காலத்துக்குப் பிறகு ஒரு பக்கம் கொஞ்சம் இழுத்தது. பேர்கள் போயின. கடைசியில் காத்தாயி அம்மாவையே யாரென்று தெரியவில்லை. அவரைச் சங்கத்துக்கு வந்த ஒரு பெண்மணி என்று நினைத்து மரியாதையாகப் பேசுவார். “இத்தன வருசத்துல இப்பத்தான் என்னய ‘வாங்க, போங்க’ங்கிறாரு,” என்றார் அம்மா.

நான் வேலையிலிருந்து நிற்பதற்குக் கொஞ்ச காலம் முன்பு ஒரு மாலை அவரைப் பார்க்க லயத்துக்குப் போனேன். முன்திண்ணையான இஸ்தோப்பில் கதிரையில் உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும், என் காற்சட்டையையும் சப்பாத்தையும் பார்த்துவிட்டு, இரண்டு கையையும் ஊன்றி எழும்பத் தொடங்கினார்.

“இருங்க தலைவரே, இருங்க!”

“தொர நிக்கிறீங்க,” என்றார். பாதி எழுந்துவிட்டார். முகம் வெளுத்துக்கொண்டு வந்தது.

“அது தொர இல்லீங்க, நம்ம டிஸ்பென்சர் தம்பி,” என்று அம்மா தோளைப் பிடித்து அமுக்கினார். அவர் விடவில்லை. பெண்டாட்டி பேர் போய்விட்டது, பிள்ளை பேர் போய்விட்டது, இது போகவில்லை.

எனக்கு வேறு வழி தெரியவில்லை. அப்படியே தரையில், வாசற்படிக்குப் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவர் என்னைக் குனிந்து பார்த்தார். யோசித்தார். மெதுவாகக் கதிரையில் அமர்ந்தார். நிறம் திரும்பியது. நான் பட்டியைச் சுற்றிப் பிரஷரைப் பார்த்தேன்.

“சரிங்க தொர,” என்றார், தன் வீட்டு வாசலில் இருந்துகொண்டே. “அப்ப நான் போயிட்டு வாறேன்.” மறுபடி கையை ஊன்றினார்.

“போகலாம்,” என்றேன். “கொஞ்சம் உட்கார்ந்துட்டுப் போங்க.”

அவர் கை நின்றது. இறுகிய முகத்தில் கண் மட்டும் கூர்மையாகி என்னை மேலும் கீழும் அளந்தது. பிறகு பக்கத்தில் நின்ற காத்தாயி அம்மாவின் பக்கம் சாய்ந்து, எனக்குக் கேட்கக்கூடாது என்ற கவனத்தோடு சொன்னார்:

“தொர ஒக்காரச் சொல்றாரு. என்னமோ இருக்கு. ஒண்ணுலயும் கையெழுத்துப் போட்றாதீங்கம்மா.”